ஆளிருக்கிற மாதிரி

அந்தக் கடற்கரைத் தெருவில் என் அண்ணியை எல்லோரும் 'சாவி' என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. இடுப்பில் ஒரு பெரிய இரும்பு வளையம், அதில் தெருவிலுள்ள எல்லா வீடுகளின் சாவிகளும். அண்ணி நடந்தால் சத்தம் முன்னால் போகும், ஆள் பின்னால் வருவார்.

தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருந்தவருக்கு அண்ணியைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது. "சாவி, நீ வர்றது அடுத்த ஊருக்கே கேக்குது. திருடன் சாவகாசமா டீ குடிச்சிட்டு ஓடலாம்" என்பார்.

"ஓடட்டும். அவன் ஓடுனா எனக்குப் போதும். புடிச்சு வச்சு சோறு போடவா போறேன்?" என்பார் அண்ணி.

அந்தத் தெருவிலிருந்த வீடுகள் எல்லாமே விடுமுறைக்கென்று கட்டியவை. சொந்தக்காரர்கள் தூரத்தில், பெரிய நகரங்களில் இருந்தார்கள். பள்ளி விடுமுறை விட்டால் கார்களும் பிள்ளைகளும் பாட்டுமாகத் தெரு நிறைந்துவிடும். பிறகு ஒருநாள் கதவுகளைச் சாத்திக்கொண்டு எல்லோரும் ஒன்றாகப் போய்விடுவார்கள். மிச்ச மாதங்களில் எப்போதாவது ஒரு சனி ஞாயிறில் யாராவது தலைகாட்டினால் உண்டு, மற்றபடி கதவிடுக்கில் மணல் மட்டும் உள்ளே வரும். நிரந்தரமாகக் குடியிருந்தவர் ஒருவர்தான். வீட்டுக்காரர்கள் சங்கத்துச் செயலாளர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எஞ்சினியர். நுழைவாயிலை ஒட்டிய முதல் வீடு அவருடையது.

முதலில் காவல்காரராக இருந்தது என் அண்ணன். நீலக் கதவு வீட்டுப் பூட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர், ஒரு நண்பகலில் அப்படியே சாய்ந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு செயலாளர் அந்தச் சாவி வளையத்தை அண்ணி கையில் கொடுத்து, "நீயே பாத்துக்கோம்மா" என்றார். வேலையோடு மோட்டார் அறைக்குப் பின்னாலிருந்த எங்கள் ஒற்றை அறையும் அண்ணிக்கு நிலைத்தது. எங்கள் அறை என்று சொல்வதற்குக் காரணம், நானும் அங்கேதான் இருந்தேன். அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அம்மா போன பிறகு அண்ணன் என்னைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டார். எனக்கு மனிதர்களோடு பேச வராது. அண்ணி எனக்கும் சேர்த்துப் பேசினார்.

வேலை சின்னதாகத் தோன்றும், ஆனால் ஓயாது. ஜன்னல்களைத் திறந்து காற்றாட விட வேண்டும். மணலைக் கூட்ட வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வற்றினால் நாற்றம் மேலே ஏறிவிடும், அதனால் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உப்புக்காற்றில் பூட்டு துருவேறாமல் எண்ணெய் விட வேண்டும். ஆளில்லாத வீடு ஆளிருக்கும் வீட்டைவிட அதிகம் வேலை வாங்கும் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

முதலில் திருட்டுப் போனது பல் டாக்டர் வீட்டில். தண்ணீர் மோட்டாரைக் கழற்றியிருந்தார்கள். குளியலறைக் குழாய்கள் ஒன்றுவிடாமல் போயிருந்தன. பெட்டிக்கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "டாக்டர் வீட்டுக்கே வந்து எல்லாத்தையும் புடுங்கிட்டுப் போயிட்டான் பாரு, வலிக்காம" என்றார். அண்ணி சிரிக்கவில்லை. சுவரில் இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

செயலாளர் அன்று சாயங்காலம் எங்களைக் கூப்பிட்டார். அவர் கத்துகிறவர் அல்ல. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எல்லாரும் செக்யூரிட்டி கம்பெனி ஆளைப் போடச் சொல்றாங்க. நான்தான் தள்ளிப் போட்டுட்டு இருக்கேன். கம்பெனி வந்துச்சுன்னா அந்த ரூம்ல அவங்க ஆளுங்கதான் தங்குவாங்க. உங்களை எங்க வைக்கிறது? இனிமே ஒண்ணும் நடக்காம பாத்துக்க" என்றார்.

"நடக்காதுங்கய்யா" என்றார் அண்ணி. எதை வைத்துச் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பெண்கள், ஒரு கழி, ஒரு டார்ச் லைட். அதுவும் தட்டினால்தான் எரியும்.

மறுநாள் காலை அண்ணி அண்ணனின் பெட்டியைத் திறந்தார். சட்டைகளை எடுத்து வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன அண்ணி, துவைச்சு வச்சதுதானே?"

"துவைக்கப் போறதில்ல. நனைக்கிறேன். திருடன் எந்த வீட்டுக்குப் போவான்? ஆளில்லாத வீட்டுக்கு. ஆளிருக்கிற வீடுன்னு அவன் எதைப் பாத்து நினைப்பான்? கொடியில துணி காயணும். வாசல்ல செருப்பு கெடக்கணும். அவ்வளவுதான், வந்தவன் அப்படியே திரும்பிடுவான்."

"காஞ்ச துணியே போட்டா ஆகாதா?"

"சொட்டுச் சொட்டா தண்ணி விழ வேணாமா? காஞ்சதைக் கொண்டுபோய்க் காயப்போட்டா எவன்டி நம்புவான்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நாங்கள் பிறந்து வளர்ந்த வீடுகளில் ஆளிருக்கிறது என்றால் கொடியில் துணி இருக்கும். வேறு அடையாளம் எங்களுக்குத் தெரியாது.

அதிலிருந்து காலை வேளை முழுக்க இதுவே வேலையாயிற்று. ஈரத்துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவோம். ஒவ்வொரு வீட்டின் பின்பக்கத்திலும் கயிறு கட்டினோம். ஆண்துணி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது அண்ணியின் சட்டம். அண்ணனின் சட்டைகள் தெரு முழுக்கக் குடியிருந்தன. கோடுபோட்ட சட்டை கண்ணாடி வீட்டில், காக்கி நீலக் கதவு வீட்டில். சட்டைகளை அப்படியே விட்டுவைக்க மாட்டார், முறை வைத்து மாற்றுவார். "ஒரே சட்டையை எத்தனை நாள் போடுவான் மனுஷன்?" என்பார், யாரோ உள்ளே உண்மையிலேயே இருப்பதுபோல. விடுமுறைக்கு வந்தவர்கள் விட்டுப்போன ஒரு சின்னக் கவுன் இருந்தது. அதைப் பல் டாக்டர் வீட்டுக் கொடியில் போட்டுவிட்டு, "டாக்டருக்குப் பேத்தி பொறந்தாச்சு" என்றார்.

செருப்புகளுக்குக் கடற்கரைக்குப் போனோம். அலை எத்தனையோ செருப்புகளைக் கொண்டுவந்து போடும். எல்லாம் ஒற்றை. அளவு பார்த்து ஜோடி சேர்ப்பது என் வேலை. ஒரு கால் பச்சை, ஒரு கால் சிவப்பு என்று வந்தால் அண்ணி மணலைப் பூசி நிறத்தை மறைத்துவிடுவார்.

இதையெல்லாம் செய்துவிடலாம். கடைசியாக ஒன்று வைத்தார், அது எனக்கு ஆகவில்லை. பூட்டிய வீட்டு வாசலில் நின்று உரக்கப் பேச வேண்டும்.

"அம்மா! தண்ணி ஏத்திட்டேன். ஐயா எழுந்துட்டாரா? சரி சரி, தூங்கட்டும், அப்புறமா வர்றேன்!" அண்ணி கண்ணாடி வீட்டு வாசலில் நின்று கூவினார். கூவிவிட்டு உள்ளிருந்து பதில் வந்ததுபோல் தலையை வேறு ஆட்டினார். பிறகு என்னை நீலக் கதவு வீட்டு வாசலுக்குத் தள்ளினார். நான் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். தொண்டையில் காற்று மட்டும் வந்தது.

"என்னடி?"

"என்ன சொல்றதுன்னு தெரியல அண்ணி."

"ஆளில்லாத வீடுடி அது! அதுகிட்டயும் வெக்கமா?"

அன்றைக்குத்தான் அவர் வெகுநாளைக்குப் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

பெட்டிக்கடைக்காரருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஈர மூட்டையோடு நாங்கள் போகும்போதெல்லாம், "என்ன சாவி, இன்னைக்கு எந்த வீட்ல குடித்தனம்?" என்பார். "எல்லா வீட்லயும்தான். உனக்குப் பொறாமையா இருந்தா நீயும் ரெண்டு பனியன் குடு" என்று ஒருநாள் அண்ணி கேட்டார். மறுநாள் அவர் நிஜமாகவே இரண்டு பனியன் கொண்டுவந்து கொடுத்தார். பொத்தல் விழுந்தவைதான். ஆனாலும் கொடுத்தார்.

மழைக்காலம் முழுவதும் ஒன்றும் நடக்கவில்லை. செயலாளர்கூட ஒருநாள் எங்கள் கயிறுகளைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, உனக்கும் மூளை வேலை செய்யுது" என்றார். அண்ணி அதை என்னிடம் மூன்று நான்கு முறை சொன்னார்.

மழை நின்றதும் நீலக் கதவு வீட்டில் புகுந்தார்கள்.

பின்கதவைக் கடப்பாரையால் நெம்பியிருந்தார்கள். மோட்டார், மின்விசிறிகள், அடுப்பு, சுவருக்குள் ஓடிய செம்புக் கம்பி வரைக்கும் உருவியிருந்தார்கள். கொடியில் அண்ணனின் காக்கிச் சட்டை அப்படியே தொங்கியது. வாசலில் செருப்பும் அப்படியே கிடந்தது.

"பத்தல" என்றார் அண்ணி. "நாம போட்டது பத்தல. ஒரு சட்டை ஒரு பாவாடைன்னா யாரு பயப்படுவா? நாலஞ்சு பேர் இருக்கிற மாதிரி தெரியணும்."

எங்கள் போர்வைகளும் போயின. என் பாவாடைகளும் போயின. மாற்றிக்கட்ட ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் அந்தக் கொடிகளுக்குக் கொடுத்தோம். பூட்டிய வீடுகளில் பெரிய குடும்பங்கள் வாழ்ந்தன. பெரியவர்களும் சின்னவர்களுமாக, எப்போதும் குளித்துத் துவைத்துக்கொண்டே இருக்கும் குடும்பங்கள். கண்ணாடி வீட்டில்தான் அதிகம் போட்டோம். அங்கேதான் சாமானும் அதிகம்.

அடுத்துப் புகுந்தது கண்ணாடி வீட்டில்.

செயலாளர் இந்த முறை எங்களைக் கூப்பிடவில்லை. அவரே எங்கள் அறைக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்றபடி, "லீவுக்கு எல்லாரும் வரும்போது கூட்டம் போட்டு முடிவு பண்ணப் போறாங்க. என் கையில இனிமே ஒண்ணும் இல்ல. அதுக்குள்ள திருடன் அகப்பட்டா, உன் மேல தப்பில்லைன்னு நான் பேசிப் பாக்குறேன்" என்றார்.

அண்ணி அந்தக் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார். திருடன் அகப்பட வேண்டும். எழுந்தாலும் படுத்தாலும் அவருக்கு அது ஒன்றுதான் நினைப்பு. பழைய இரும்புக் கடைகளுக்கெல்லாம் நடந்தார். எங்கள் வீட்டு மோட்டார் என்று விசாரித்தார். கடைக்காரர்கள் விரட்டினார்கள். கால் வீங்கி வந்து உட்காருவார். நான் வெந்நீர் ஊற்றுவேன்.

அப்போதுதான் கல்யாணமாகிப் போன மகளிடம் போனில் பேசினார். அண்ணிக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நான் வெளியே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நீ மட்டும்னா இப்பவே வாம்மா" என்றது அவள் குரல். "அத்தையையும் கூட்டிட்டு வந்தா எங்க படுக்க வைக்கிறது? இவங்க வீட்ல என்ன சொல்வாங்க? அத்தைக்கு வேற ஏதாவது பாக்கலாம்மா."

"சரி விடு. இங்க ஒண்ணும் ஆகாது. சும்மாதான் கேட்டேன்" என்றார் அண்ணி.

என்னிடம், "அவளுக்கு அங்க எடம் இல்லையாம்" என்று மட்டும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

திருடர்கள் அகப்பட்டார்கள். விடுமுறை தொடங்குவதற்குச் சற்று முன்னால், வண்டியில் மோட்டார்களை ஏற்றிப்போகும்போது நெடுஞ்சாலையில் பிடித்துவிட்டார்களாம். சாமானை அடையாளம் காட்ட ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணி தலை வாரிக்கொண்டு, இருந்ததில் நல்லதை உடுத்திக்கொண்டு கிளம்பினார். செயலாளரின் காரில் போனோம். வழி முழுக்க அண்ணி பேசிக்கொண்டே வந்தார். "நல்லவேளைங்கய்யா, எப்படியோ அகப்பட்டானுங்க. கூட்டத்துல நீங்கதான் எடுத்துச் சொல்லணும்." செயலாளரும், "சொல்றேன், சொல்றேன்" என்றார். அவர் முகத்திலும் நிம்மதி தெரிந்தது.

ஸ்டேஷன் முற்றத்தில் மோட்டார்களை வரிசையாக வைத்திருந்தார்கள். பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவனுக்கு வழுக்கை. இன்னொருவன் எந்நேரமும் கொட்டாவி விட்டான். பார்த்தால் கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் அவர்களைக் காட்டி, "எந்தெந்த வீடு காலின்னு உனக்கு எப்படிடா தெரிஞ்சுது? அதை இவங்க முன்னாடி சொல்லு" என்றார்.

வழுக்கைக்காரன் அண்ணியின் இடுப்பிலிருந்த வளையத்தைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "அட, துணி காயப்போடுறது நீங்கதானாக்கா?"

அண்ணி வளையத்தின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.

"ஆரம்பத்துல நாங்களும் ஏமாந்துதான் போனோம் சார். மழையில ரெண்டு தடவை வந்துட்டுத் திரும்பிட்டோம். அப்புறம் ஒரு சனி ஞாயிறுல நெசமாவே ஆளுங்க வந்திருந்த வீட்டைப் பாத்தேன். கைப்பிடிச் சுவர்ல ரெண்டு துண்டு கெடக்குது, அவ்வளவுதான். லீவுக்கு வர்றவங்க துணி துவைப்பாங்களா சார்? அழுக்கையெல்லாம் பையில அமுக்கி ஊருக்குத்தானே கொண்டுபோவாங்க? சட்டை, பாவாடை, போர்வைன்னு கொடி நிறையத் தொங்குற வீடு எதுவோ அதுல ஒரு ஈ காக்கா இருக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. போர்வை வேற! போர்வை காஞ்ச அன்னைக்கு இவன்கிட்ட சொன்னேன், அங்க நாம பாட்டுப் பாடிக்கிட்டே வேலை பாக்கலாம்னு."

கொட்டாவிக்காரன்கூடச் சிரித்தான். இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "அக்கா, உங்களால எங்களுக்கு அலைச்சல் மிச்சம்" என்றான் வழுக்கைக்காரன். அதைக் கிண்டலாகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவன் நன்றியாகத்தான் சொன்னான்.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அண்ணியைப் பார்த்தார். அந்தப் பார்வை நகர்ந்து கதவுப் பக்கம் போனது.

"இந்தம்மா மேல ஏதாவது..." என்று இன்ஸ்பெக்டரிடம் மெதுவாகக் கேட்டார்.

"முட்டாள்தனத்துக்கெல்லாம் கேஸ் போட முடியாது சார்" என்றார் இன்ஸ்பெக்டர், இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

திரும்பி வரும்போது காரில் அண்ணி ஒரு முறை, "போர்வை போட்டிருக்கக் கூடாது" என்றார்.

கூட்டம் செயலாளர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. மின்விசிறிக்குக் கீழே வீட்டுக்காரர்கள் நாற்காலிகளில் இருந்தார்கள். நாங்கள் இருவரும் கதவோரம் நின்றோம். ஸ்டேஷனில் நடந்ததைச் செயலாளர் சொன்னார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. எடுத்துப் பேசுவதாகச் சொன்னதை அவர் பேசவில்லை.

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "சிக்னல் குடுத்தாங்கன்னு நான் சொல்ல வரல. ஆனா பாருங்க, காலியா இருக்கிற வீட்ல மட்டும் துணி. அது திருடனுக்குத் தெரியுது. நமக்குத் தெரியல."

"எதுல அதிகமா போட்டாங்களோ அதுலதான் அதிகமா போயிருக்கு" என்றார் கண்ணாடி வீட்டு அம்மா. "இது எப்படிங்க தற்செயலாகும்?"

"வீட்ல ஆளிருந்தா துணி காயும்னு நினைச்சேம்மா" என்றார் அண்ணி. "உங்க வீட்ல அதிகமா சாமான் இருக்குதேன்னுதான் அதிகமா போட்டேன்."

"சாமான் அதிகம் இருக்கிற வீட்ல அதிகம்" என்று பல் டாக்டர் தனக்குத்தானே சொல்வதுபோல் மறுபடி சொன்னார். பல நாற்காலிகள் ஒரே நேரத்தில் கிரீச்சிட்டன.

செயலாளர் என்னைப் பார்த்தார். "நீயும் கூடத்தானே போன? நீ சொல்லும்மா."

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. ஒற்றைச் செருப்புகள், பூட்டிய கதவிடம் கூவியது, கால் வீங்கிய நாட்கள். மாற்றிக்கட்ட வைத்த ஒற்றைப் பாவாடையும் காயாமல் ஈரத்தோடு நின்றது. எல்லாம் தொண்டை வரைக்கும் வந்து, ஒன்றுதான் வெளியே விழுந்தது.

"நனைச்சுதான் போட்டோம்" என்றேன்.

கண்ணாடி வீட்டு அம்மா பக்கத்திலிருந்தவரிடம், "கேட்டீங்களா? நனைச்சு வேற போட்டிருக்காங்க. எவ்வளவு யோசிச்சுச் செஞ்சிருக்காங்க பாருங்க" என்றார்.

அண்ணி என் கையைப் பிடித்தார். கோபமாகப் பிடிக்கவில்லை. சும்மா பிடித்துக்கொண்டார்.

உடனே போகச் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்தவர்களின் வீடுகளைப் பெருக்கித் துடைக்க ஆள் வேண்டியிருந்தது. அது முடியும்வரை இருந்தோம். சாவி வளையத்தை மட்டும் அன்றே வாங்கிக்கொண்டார்கள். அண்ணி தெருவில் நடந்தபோது சத்தமே வரவில்லை. பெட்டிக்கடைக்காரர் அவர் வந்ததைக் கவனிக்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், பிறகு திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார். சீண்டுவதற்கு அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சந்தைக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருக்கிறது என்று சொன்னதும் அவர்தான்.

நாங்கள் கிளம்பிய அன்று நுழைவாயிலில் கம்பெனி காவலாளி நின்றான். சீருடை புதிது, தேய்த்த மடிப்புகூடக் கலையவில்லை. சாமான் ஏற்றிய வண்டியை நிறுத்தினான்.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. வெளிய போற சாமானையெல்லாம் பாக்கச் சொல்லியிருக்காங்க."

"பாருப்பா" என்றார் அண்ணி. அவன் கேட்பதற்கு முன்பே மூட்டைகளை இறக்கி ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பாத்திரங்கள், பாய், தலையணை, கிண்ணத்துக்குள் கிண்ணம் எல்லாம் வாயில் நடுவில் பரந்து கிடந்தன. கார்கள் ஓரமாக ஒதுங்கிப் போயின. உள்ளிருந்து ஒரு குழந்தை எட்டிப் பார்த்தது.

"இந்த மேசை விசிறி?" என்றான் காவலாளி.

"அது பல் டாக்டர் வீட்டம்மா குடுத்தது. என் வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம், ரூமுக்குள்ள புழுக்கமா இருக்குமேன்னு."

அவன் போன் செய்தான். எதிர்முனையில் பல் டாக்டரின் குரல் எனக்கும் கேட்டது. "விசிறியா? எனக்கு ஞாபகம் இல்லையே. வீட்ல கேக்கணும், அவங்க தூங்குறாங்க. நீ வச்சிரு, கேட்டுட்டுச் சொல்றேன்."

காவலாளி தரையைப் பார்த்தான். "அவங்க சொன்னதும் உங்களுக்கு போன் பண்றேம்மா. நம்பர் குடுங்க."

அண்ணிக்கு நம்பர் மனப்பாடமில்லை. நான்தான் சொன்னேன். எண்களை ஒவ்வொன்றாக, அவன் எழுதிக்கொள்ளும் அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குனிந்து மூட்டைகளைக் கட்டத் தொடங்கினார்.

சந்தைக்குப் பின்னாலிருந்த அறைக்கு ஜன்னல் இல்லை. தகரக் கூரை. அந்தக் கோடை முழுவதும் அண்ணி போனைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்தார். மணி அடித்ததாக நினைத்து அவ்வப்போது எடுத்துக் காதில் வைப்பார். அவருக்குத்தான் காது மந்தம். எனக்கு நன்றாகவே கேட்கும். அது ஒரு நாளும் அடிக்கவில்லை.